யாரும் ஏலம் கேட்காத பண்டிகை

மேலக்காவனூர்,
மன்னார்குடி வழி.
4.2.2025

அன்புள்ள மலர்க்கொடி அக்கா,

போன் பண்ணினால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. அதனால் மன்னார்குடிக்குப் போய்க் கவர் வாங்கிவந்து எழுதுகிறேன். செமினரியில் என் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். இப்போதும் சமாளித்துக்கொள்வீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே அறுப்பின் பண்டிகை. நீங்கள் பிறந்த ஊர், பத்து வருஷத்துக்கு மேல் நீங்களே போதகராக இருந்து நடத்திய பண்டிகை. உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. சம்பா அறுத்த கையோடு எல்லோரும் முதல் நெல்லும் பூசணியும் வாழைத்தாரும் சேவலும் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைத்தார்கள். பெங்களூரிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் லீவு போட்டு வந்திருந்தார்கள். உங்கள் இடத்துக்கு மாற்றலாகி வந்து நான் பார்க்கிற முதல் பண்டிகை. ஆசை ஆசையாகத் தயாரித்தேன். பிரசங்கமும் நன்றாகப் போனது என்றுதான் நினைத்தேன்.

அதன்பிறகு காணிக்கைப் பொருள்களை ஏலம் விடவேண்டும். சபைச் செயலாளர் வீரையன் ஒரு பூசணிக்காயைத் தூக்கிக் காட்டி, "ஆரம்பிங்க" என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு பூசணிக்காய்க்குக் கல்யாண வீடு மாதிரி சத்தம் போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கூச்சம் தாங்காமல் நானே ஒரு விலை சொன்னேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை, காய் எனக்கே வந்தது. வாழைத்தாரும் எனக்கே. சேவலும் எனக்கே. என் மனைவி வீட்டு வாசலில் நின்று, "காய்கறிக் கடை போடப் போறீங்களா?" என்று கேட்டாள்.

யாரும் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. அசனச் சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள், வணக்கம் சொன்னார்கள், போய்விட்டார்கள். வீரையனிடம் கேட்டேன். "ஒண்ணுமில்லீங்கய்யா, இந்த வருசம் கையில காசு ஓட்டம் இல்ல" என்றார். போன வாரம்தான் புது பைக் வாங்கிக் கோயில் வாசலில் நிறுத்தி என்னை ஜெபம் பண்ணச் சொன்னவர்.

நான் என்ன தப்பு செய்தேன் அக்கா? உங்கள் ஜனங்கள். உங்களுக்குத்தான் தெரியும்.

உங்கள் தம்பி,
கிறிஸ்துதாஸ்

*

மயிலாடுதுறை,
11.2.2025

அன்புள்ள தாஸ்,

பூசணியைத் தரையில் வைக்காதே, வைக்கோல் போட்டு அதன்மேல் வை. பங்குனி வரைக்கும் தாங்கும்.

அன்று சாயங்காலமே வீரையன் எனக்குப் போன் பண்ணிவிட்டார். நீ பேசியதில் இரண்டு வரியை அப்படியே ஒப்பித்தார். "நாம் எல்லாரும் கர்த்தருடைய பண்ணையாட்கள். அந்த எஜமானுடைய வாசலில் கைகட்டி நிற்கிறதே நமக்குப் பாக்கியம்." சொன்னாயா இல்லையா?

உன் ஊர்ப்பக்கம் இது கேட்க இனிமையாக இருக்கலாம். மேலக்காவனூரில் அறுபது வயது தாண்டிய ஒவ்வொருவரும் சின்ன வயதில் பண்ணையாள் வீட்டுப் பிள்ளைதான். எங்கள் அப்பா கோவிந்தராசு, மிராசுதார் வீட்டுக் கொல்லை வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஆண்டே" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு, கையைக் கட்டி நிற்பார். உள்ளே சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, தூங்கி எழுந்து அவர் வெளியே வரும்வரைக்கும் நிற்பார். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அப்படி நின்ற ஆட்களுக்கு அறுவடை நாளில், அவர்கள் சொந்த நெல்லை எதிரில் வைத்துக்கொண்டு, பரலோகத்திலும் ஒரு கொல்லை வாசல் இருக்கிறது என்று நீ சொல்லிவிட்டாய்.

எங்கள் தெருவில் கோபம் வந்தால் கத்தமாட்டோம். கையைக் கட்டச் சொன்னாய். ஏலத்தின்போது எல்லோரும் எப்படி நின்றார்கள் என்று நினைத்துப் பார்.

நான் அந்த மேடையில் ஒரு நாளும் எஜமான் என்று சொன்னதில்லை. வேதபாடத்தில் வந்தால் வாசிப்பேன், பிரசங்கத்தில் தொடமாட்டேன். "நம்ம கூட வயல்ல இறங்கினவர்" என்பேன். "ஆமாம்மா" என்பார்கள். "சேத்துல கால வச்சவர்" என்பேன். "சொல்லும்மா" என்பார்கள். அரை மணி நேரப் பிரசங்கத்தில் பாதியை அவர்கள்தான் பேசுவார்கள். அந்தச் சத்தம் இன்னும் என் காதிலேயே நிற்கிறது, தாஸ். இங்கே ராத்திரி படுத்தால் அதுதான் கேட்கிறது.

இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். என்னையே திரும்ப அனுப்பச் சொல்லிப் பேராயருக்கு மனு எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். நான் எழுதச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மலர்க்கொடி

*

மேலக்காவனூர்,
20.2.2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

நான் கிறிஸ்துதாஸ். என் அப்பா ஏசுதாசன், அவருடைய அப்பா தேவதாசன். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு தாசன்தான். அடிமை என்ற பெயரை ஆசையாக வைத்துக்கொண்ட பைத்தியங்கள் என்று நினைக்கிறீர்களா? மார்த்தாண்டம் பக்கம் பனையேறிய எங்கள் ஜனங்களுக்கும் நிற்கச் சொன்னவர்கள் இருந்தார்கள். குடையைச் சுருக்கச் சொன்னவர்கள் இருந்தார்கள். கிறிஸ்துவுக்கு அடிமை என்று பெயர் வைத்துக்கொண்டால் வேறு எவனுக்கும் அடிமை இல்லை என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைத் தலை நிமிர்ந்துதான் சொல்வோம். அதையேதான் இங்கேயும் சொன்னேன்.

செமினரியில் பிரசங்க வகுப்பு நினைவிருக்கிறதா? வாகை மரத்தடியில் நீங்கள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம் நின்று ரயில் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகுவோம். நான் பேசினால், "என்ன தம்பி, மலையாளத்துல ஆராதனையா?" என்பீர்கள். நீங்கள் பேசினால், "அக்கா நாத்து நட ஆள் கூப்பிடுறாங்க" என்பேன். ஒருவர் பிரசங்கத்தை ஒருவர் கிழித்துப் போட்டுவிட்டு மெஸ்ஸுக்குப் போய் ஒரே தட்டில் உப்புமா சாப்பிடுவோம். அந்த வகுப்பில் நான் இதே அடிமைப் பிரசங்கத்தைச் செய்தபோது நீங்கள் முதல் பெஞ்சில் அழுதீர்கள். கண்ணில் தூசி என்று சொன்னீர்கள்.

போன ஞாயிறு நீங்கள் எழுதியபடியே பேசிப் பார்த்தேன். "நம்ம கூட வயல்ல இறங்கினவர்" என்றேன். பின்வரிசைப் பிள்ளைகள் குபீரென்று சிரித்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என் வாயில் அது நாடக வசனம் மாதிரி இருந்தது, எனக்கே கேட்டது.

உங்களுக்கு அந்த மேடை வேண்டுமானால் நேராகச் சொல்லுங்கள். நான் விலகிக்கொள்கிறேன். மனு, கையெழுத்து எல்லாம் நமக்குள் எதற்கு?

தாஸ்

*

மயிலாடுதுறை,
9.3.2025

அன்புள்ள தாஸ்,

அது தூசி இல்லை. அழுதேன். உன் குரலுக்காக அழுதேன், சொன்ன விஷயத்துக்காக இல்லை என்று அன்றைக்கு என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இங்கே என் பிழைப்பைக் கேள். பெரிய கோயில், ஏசி உண்டு. ஆசிரியர்கள், ரயில்வேக்காரர்கள், திருப்பனந்தாளிலிருந்து காரில் வருகிற பாங்க் அதிகாரி. முன்வரிசையில் நாலைந்து பழைய குடும்பங்கள். வந்த புதிதில் நம் தெருவில் பேசுகிற மாதிரியே பேசினேன். ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுத்த ஒரு அம்மா, "அம்மா ரொம்ப எளிமையா பேசுறீங்க. இது பழைய சபை. கொஞ்சம் பிரசங்கத் தமிழ்ல பேசினா நல்லா இருக்கும்" என்றார். எளிமை என்று அவர் எதைச் சொன்னார் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதற்கப்புறம் நான் புத்தகம் மாதிரி பேசுகிறேன். "கிருபாசனத்தண்டை கிட்டிச் சேருவோமாக." எல்லோருக்கும் திருப்தி. ஒருவரும் திருப்பி ஒரு வார்த்தை சொல்வதில்லை. மின்விசிறிச் சத்தமாவது இருக்குமா என்றால், ஏசி.

என்னைத் தைரியசாலி என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஒரு அம்மா ஒரு வரி சொன்னதற்கே என் பேச்சைக் கழற்றிப் போட்டுவிட்டேன்.

மேலக்காவனூருக்கு நான் போதகராக வந்த அன்று ஊரே என்னை "ஐயரம்மா" என்று கூப்பிட்டது. இந்தப் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்பது வழக்கம், உனக்கும் இப்போது பழகியிருக்கும். அப்பா தெருவில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தார். "எம்மவ ஐயராயிட்டா, இனிமே நான் எந்தக் கொல்லைக்குப் போறது?" என்று எல்லோரிடமும் கேட்டார். அன்றைய என் பிரசங்கத்துக்கு முதல் "ஆமாம்மா" சொன்னதும் அவர்தான். தன் மகளை அம்மா என்று கூப்பிட்டு.

எனக்கு அந்த மேடை வேண்டும், தாஸ். நேராகச் சொல்லச் சொன்னாய், சொல்லிவிட்டேன். மனு பேராயர் அலுவலகத்துக்குப் போயாயிற்று. ஈஸ்டருக்குள் என் சம்மதத்தைக் கேட்டிருக்கிறார்கள். இன்னும் பதில் எழுதவில்லை.

இது ஒன்றை மட்டும் கேள். என்னை மாதிரிப் பேசாதே. நான் இங்கே அடுத்தவர் பேச்சைப் பேசி அவமானப்படுவது போதும், நீயும் என் பேச்சை வைத்துக்கொண்டு அங்கே அவமானப்பட வேண்டாம்.

மலர்க்கொடி

*

மேலக்காவனூர்,
30.3.2025

அன்புள்ள அக்கா,

வீரையன் வந்திருந்தார். மாற்றலுக்கு எனக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் வேண்டுமாம். மனுஷன் உட்காரவே இல்லை. கேட்க வந்ததைக் கேட்க அவருக்குச் சங்கடமாக இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்த பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? உங்க ஊர்ல நீங்கள்லாம் ஆண்டமாருங்களாய்யா, பண்ணை வச்சவங்களா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பாட்டியின் அம்மா கதையைச் சொன்னேன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவளை ஊரில் குரங்கி என்றுதான் கூப்பிடுவார்கள். ஜமீன் வீட்டில் வைத்த பெயர். ஞானஸ்நானம் எடுத்து மரியாள் ஆனாள். அடுத்த நாள் ஓலை சுமந்து போகும்போது அந்த வீட்டுக்காரர் திண்டில் சாய்ந்தபடி "குரங்கீ" என்று கூப்பிட்டார். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். திரும்பவில்லை. ஆள் விட்டு அடித்தார்கள். "என் எஜமான் எனக்கு வேற பேரு வச்சாச்சு" என்று சொன்னாளாம். அதன்பிறகு சாகும்வரைக்கும் அந்தப் பழைய பெயருக்கு அவள் திரும்பவே இல்லை.

வீரையன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "இத ஏன்யா அறுப்பு அன்னிக்குச் சொல்லல?" என்று கேட்டார்.

"இதைத்தான் சொன்னேன் என்று நினைத்தேன்" என்றேன்.

"இல்லீங்கய்யா. நீங்க எங்களப் பத்திச் சொன்னீங்க. உங்களப் பத்தி ஒண்ணுமே சொல்லல" என்றார்.

எழுந்து போய்விட்டார். நான் கொடுத்த கடிதத்தையும் எடுத்துக்கொண்டுதான் போனார். அதில் அவர் கெட்டி.

பெரிய வெள்ளிக்கு வாருங்கள் அக்கா. மும்மணி நேர ஆராதனையில் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பேர் பேசவேண்டும். ஐந்தாம் வார்த்தையை உங்களுக்கு வைத்திருக்கிறேன், "தாகமாயிருக்கிறேன்". மேட்டூர் அணையை மூடி இரண்டு மாதமாகிறது, வாய்க்கால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. அதை உங்களை மாதிரிப் பேச ஆள் இல்லை. வந்து பேசுங்கள். ஈஸ்டர் முடிந்ததும் நான் சாமான் கட்டுகிறேன். கசப்பாக எழுதவில்லை. உங்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன், மேடைக்காக உங்களோடு மல்லுக்கு நிற்க எனக்கு வராது.

தாஸ்

*

மயிலாடுதுறை,
6.4.2025

தாஸ்,

பேச வரமாட்டேன். நான் வந்து பேசினால் ஜனங்கள் பதில் சொல்வார்கள், எனக்கும் புத்தி தடுமாறும், நீயும் அன்றைக்கே முடிந்தாய். ஐந்தாம் வார்த்தையை நீயே பேசு. உன் கொள்ளுப்பாட்டி கதையைப் படித்துவிட்டு ஒரு வேலையும் ஓடவில்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் அதை ஏன் எனக்குச் சொல்லவில்லை?

சம்மதக் கடிதம் எழுதி மேசைமேல் வைத்திருக்கிறேன். தபாலில் போடவில்லை.

மலர்க்கொடி

*

மயிலாடுதுறை,
22.4.2025

அன்புள்ள தாஸ்,

பெரிய வெள்ளி அன்று நான் மேலக்காவனூர் வந்திருந்தேன். உனக்குத் தெரியாது. இங்கே மும்மணி ஆராதனையை உதவிப் போதகரிடம் ஒப்படைத்துவிட்டு, மகளிர் சங்கத்தில் தலைவலி என்று சொல்லிவிட்டு, திருவாரூர் போய் பஸ் மாறி வந்தேன். ஒரு போதகர் பெரிய வெள்ளியில் பொய் சொல்லலாமா என்று நீ கேட்பாய். கேள்.

பெண்கள் பக்கம் கடைசியில், கதவோரம், முக்காடு போட்டுத் தரையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த, எனக்கு அத்தை முறையான பொன்னுத்தாய் என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். விரலை வைத்து அடக்கினேன். நீ தோற்பதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். அதை உன்னிடம் மறைக்க மனம் வரவில்லை. நீ தோற்றுப்போனால் என் கடிதத்தைத் தபாலில் போட எனக்கு லேசாக இருக்கும்.

முதல் நான்கு வார்த்தைகளையும் வந்தவர்கள் எப்போதும்போலப் பேசினார்கள். ஜனங்கள் விசிறிக்கொண்டு இருந்தார்கள். நீ எழுந்தாய். கையில் ஒரு தாளும் இல்லை. எங்கள் பேச்சும் இல்லை, புத்தகத் தமிழும் இல்லை. உன் வீட்டில் உன் அம்மாவிடம் பேசுகிற பேச்சை எடுத்தாய்.

"எனக்க பாட்டிக்க அம்மையைக் குரங்கின்னு கூப்பிட்டாவ" என்றாய். பின்வரிசையில் ஒரு பையன் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். "அவளை அடிச்சுப் போட்ட இடத்துல கிடந்து தண்ணி கேட்டா. அந்த வீட்டுக் கிணத்துல கோர இவளுக்கு அனுமதி இல்ல. அவிய கோரி ஊத்தவும் இல்ல. பேரச் சொல்லித் திரும்பினா தண்ணி தாறோம்னாவ." அங்கே நிறுத்தினாய். மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். கடிதத்தில் இந்தத் தண்ணீரை நீ எழுதவில்லையே, தாஸ்.

கோயிலில் ஒரு சத்தமும் இல்லை. எனக்கு அந்த மௌனம் தெரியும், அது கைகட்டிய மௌனம் இல்லை. அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து வீரையன், "திரும்பினாளா ஐயா?" என்றார்.

"இல்ல" என்றாய்.

"சொல்லுங்கய்யா" என்றாள் ஒருத்தி. பொன்னுத்தாய் சத்தமாக, "எங்கண்ணங்காரன் கோவிந்தராசும் இப்படித்தான் தண்ணிக்கி நின்னாரு" என்றாள். அதற்கும் நீ, "ஆமா அத்தை" என்று பதில் சொன்னாய். அவ்வளவுதான். அங்கிருந்து ஊரே உன்கூடப் பேசியது. "அந்தச் சிலுவையில கிடந்தவரும் தண்ணி கேட்டாரு" என்றாய். "கேட்டாருய்யா" என்றார்கள். "ஊத்த ஆளில்ல" என்றாய். "இல்லய்யா" என்றார்கள். நீ எஜமான் என்றும் சொன்னாய். ஒரே ஒரு தடவை, அவள் சொன்ன வார்த்தையாகச் சொன்னாய். யாரும் முகம் சுளிக்கவில்லை. எனக்கே அது முதல்முறையாகக் காதில் ஏறியது.

இதற்கு நடுவில் ஒன்று நடந்தது. பொன்னுத்தாய் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் தெரிந்தது, நானும் சத்தமாக "ஆமாங்கய்யா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு நேரமாகச் சொல்கிறேன் என்று தெரியவில்லை. அந்த ஊரில் பிறந்து, அந்த மேடையில் நின்று, ஒரு நாளும் நான் அந்தத் தரையில் உட்கார்ந்து ஒரு பிரசங்கத்துக்குப் பதில் சொன்னதில்லை. நான் சிறுமியாக இருந்தபோது வந்த ஐயர்மார் யாருக்கும் எங்கள் தெரு பதில் சொன்னதில்லை, அவர்கள் கேட்டதும் இல்லை. பிறகு நானே மேடைக்குப் போய்விட்டேன்.

ஆறாம் வார்த்தைக்கு முன்பே எழுந்து வெளியே வந்துவிட்டேன். வீரையன் பின்னாலேயே வந்தார். "அம்மா, அந்த மனு..." என்று இழுத்தார். "என்ன செய்யணும் வீரையா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க எங்க புள்ளம்மா. நீங்க எப்ப வந்தாலும் வீடு இருக்கு" என்றார். மேடை இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. நல்ல மனுஷன், என்னிடம் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. திருவாரூர் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வழியெல்லாம் அழுதேன். கண்டக்டர், நான் சாவு வீட்டுக்குப் போகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்.

நேற்று பேராயருக்கு எழுதிவிட்டேன். எனக்குச் சம்மதம் இல்லை, கிறிஸ்துதாஸ் ஐயரே மேலக்காவனூரில் இருக்கட்டும், சபைக்கும் அதுவே விருப்பம் என்று. உன்னிடம் கேட்காமல் செய்தேன், சாமான் கட்டியிருந்தால் அவிழ்த்துவிடு.

ஈஸ்டர் அதிகாலையில் இங்கே ஏசி கோயிலில் என் தெருப் பேச்சிலேயே பிரசங்கம் பண்ணினேன். அப்பா கொல்லை வாசலில் நின்றதைச் சொன்னேன். அந்த அம்மா வாசலில் கைகொடுக்காமல் போய்விட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. நானும் நிறுத்தவில்லை, அடுத்த ஞாயிறும் அப்படித்தான் பேசப்போகிறேன்.

எனக்குப் பதில் சொன்ன ஒரே ஊர் இப்போது உனக்குப் பதில் சொல்கிறது. அதைக் காதால் கேட்டுவிட்டேன், சந்தோஷமும் பட்டேன், வயிறும் எரிகிறது. அதனால் கொஞ்ச நாளைக்கு எனக்குக் கடிதம் எழுதாதே, தம்பி.

அக்கா